தோற்கிறவர் கட்சி

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள், "பாவம், இவர் பேனாவில் மாட்டிக்கொண்டாரே" என்று அவருக்காக வருத்தப்படுவார்கள். அது அவர் காதுக்குப் போனால் உடனே என் பக்கம் பேசக் கிளம்பிவிடுவார். அவர் சுபாவம் அப்படி. யார் தோற்றுக்கொண்டிருக்கிறாரோ அவர் கட்சிதான் அவர் கட்சி.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் டெல்லியில் ஒரு தமிழ்ச் சபைக்குப் போதகராக இருந்தேன். எங்களுக்குச் சொந்தக் கோயில் கிடையாது. காலையில் இந்திக்காரர்கள் ஆராதனை முடித்துவிட்டுப் போன பிறகு, அதே பெஞ்சுகளில் மத்தியானம் நாங்கள் உட்காருவோம். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்களிலிருந்து வரும் அரசாங்க உத்தியோகக் குடும்பங்கள், நர்ஸ்கள், சில ராணுவக்காரர்கள், அவ்வளவுதான் சபை. பாட்டுப் புத்தகத்தைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொடுத்தால்தான் தமிழ்க் கீர்த்தனை பாடுவார்கள்.

அங்கே போய் ஓரிரு வருஷங்களில் எனக்கு மேற்படிப்பு ஆசை வந்தது. அறிவுப் பசி என்று அப்போது எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் வாசல் பலகையில் என் பெயருக்குப் பின்னால் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. ஊழியத்தில் இருக்கும் போதகர்களுக்காக மந்திர் மார்க் பக்கம் ஒரு கட்டடத்தில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடந்தது. நான் கிறிஸ்துவியலை எடுத்தேன். கிறிஸ்து யார், கடவுளும் மனிதனும் ஒரே ஆளில் எப்படி இருக்க முடியும் என்று ஆராய்கிற படிப்பு. பழைய ஏற்பாட்டை எடுத்தால் எபிரேயு படிக்க வேண்டும் என்று பயந்து இதில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் இதற்குக் கிரேக்கம் வேண்டும் என்றார்கள்.

வகுப்பில் பஞ்சாபி, மிசோ, மலையாளி என்று பல சபைப் போதகர்கள். தமிழர்கள் இரண்டே பேர், நானும் அவரும். அவரும் என்னைப் போலத் திருநெல்வேலிக்காரர், என் சபைப் பிரிவுதான், என் வயதுதான். ஜங்புராவில் சாக்கடைக் கால்வாயை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளுக்கு நடுவே ஒரு சின்னச் சபையை நடத்திவந்தார். நெடுநெடுவென்று உயரம். மனைவி பின்னிய ஸ்வெட்டரில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. குளிர்காலத்தில் பல்வலிக்காரன் மாதிரி மஃப்ளரால் தாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, பையில் வறுத்த கடலையோடு வந்து கடைசி வரிசையில் உட்காருவார்.

அவரை முதலில் கவனித்தது, பேராசிரியர் எங்களுக்குப் பழைய சபைச் சண்டைகளைப் பங்குபோட்டுக் கொடுத்த அன்று. பேராசிரியர் ஒரு மலையாளி, மெதுவாகப் பேசுகிறவர். "குமாரனாகிய கிறிஸ்து பிதாவாகிய கடவுளுக்குச் சமமானவரல்ல, படைக்கப்பட்டவர்தான்" என்று ஆதிச் சபைக் காலத்தில் மூப்பர் பதவியிலிருந்த ஒரு குரு போதித்தார். ஆயர்களின் சங்கம் கூடி அவரை விலக்கிவைத்தது. அந்த மூப்பருக்காக வாதாடும் வேலை நம்மவருக்கு வந்தது. சங்கத்துக்காகப் பேச ஒரு பஞ்சாபிப் போதகர். ஜெயிக்கிற பக்கம் கிடைத்ததென்று அவர் தயாராகாமலே வந்திருந்தார்.

நம்மவர் எழுந்தார், பேசினார். வசனத்துக்கு மேல் வசனம், கேள்விக்கு மேல் கேள்வி. பஞ்சாபிக்காரருக்கு வியர்த்துவிட்டது. "அப்படியானால் நாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்கிற விசுவாசப் பிரமாணம் தப்பா?" என்று நிஜமாகவே பயந்து கேட்டார். நம்மவர் அந்த முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "இல்லை, சங்கத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது" என்று ஆரம்பித்து, தான் அதுவரை கட்டிய சுவரைச் செங்கல் செங்கலாகத் தானே பிரித்துப் போட்டார். மணி அடித்தபோது அவர் தோற்றிருந்தார். தோற்கடித்தவரும் அவர்தான்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்கள் நிலைதான் என்ன?"

"அவருக்குப் பேச வரலை சார். அதனால..." என்றார் இவர்.

இது வகுப்போடு போகிற வியாதி இல்லை என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். ஒருநாள் இரண்டு பேரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். சில்லறை தராததற்காகக் கண்டக்டர் ஒரு கிழவரை அதட்டினான். இவர் எழுந்து கிழவருக்காகப் பேசினார். நல்ல இந்தி இல்லை, ஆனால் நல்ல குரல். பஸ் முழுதும் சேர்ந்துகொண்டு கண்டக்டரைத் திட்ட ஆரம்பித்தது. ஒருவன் அவன் சட்டையைப் பிடித்தான். உடனே இவர் திரும்பி, "பேச்சாரா, பாவம், காலையிலேருந்து நின்னுக்கிட்டே வேலை பாக்கிறான்" என்று கண்டக்டருக்காகப் பேசத் தொடங்கினார். "பாயீ சாப், ஆப் கிஸ்கீ தரஃப் ஹோ?" என்று பஸ்ஸே கேட்டது. நீங்கள் யார் பக்கம் என்று. அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் தவுலா குவானில் இறங்கி, மீதி தூரம் நடந்தோம். கிழவரும் கண்டக்டரும் ஒன்றாக ஜன்னல் வழியே எங்களை முறைத்துக்கொண்டு போனார்கள்.

இவ்வளவு தெரிந்தும் அவரை என் சபைக் கமிட்டிக்குக் கூப்பிட்டேனே, அதுதான் நான் வாங்கிய படிப்பின் லட்சணம்.

வகுப்பில் கற்ற எதையும் நான் வீணாக்குவதில்லை. சனிக்கிழமை கேட்டதை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இறக்கிவிடுவேன். கிறிஸ்துவுக்கு தேவ சுபாவம், மனுஷ சுபாவம் என்று இரண்டு சுபாவங்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, பிரிவதுமில்லை. இதை இரண்டு மாதமாக, கிரேக்க வார்த்தைகளோடு, சபைக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் சபைச் செயலாளர் மத்திய அரசில் செக்ஷன் ஆபீசர். அவருக்குப் புரியட்டுமே என்று, "ஒரே அதிகாரி தன் ஸீட்டோடு இன்னொரு ஸீட்டையும் அடிஷனல் சார்ஜாகப் பார்ப்பதில்லையா, அதுபோல" என்று உவமைகூடச் சொன்னேன். ஆராதனை முடிந்து சமோசா சாப்பிடும்போது அவர் பக்கத்தில் வந்தார்.

"ஐயா, அடிஷனல் சார்ஜ்ல இருக்கிறவன் ரெண்டு ஸீட்டுலயுமே வேலை பாக்க மாட்டான். ஆண்டவரை அதோட ஏன் சேக்கிறீங்க?"

அடுத்த கமிட்டிக்கு அவர் ஒரு தீர்மானம் கொண்டுவருவதாகக் கேள்விப்பட்டேன். பண்டிகைக் காலம் வருகிறது, பிரசங்கம் அரை மணிக்கு மேல் போகக்கூடாது என்று. உபதேசத்துக்கு வந்த ஆபத்தாக அதை எடுத்துக்கொண்டு, என் பக்கம் பேச நண்பரை விசேஷ விருந்தினராக அழைத்துவிட்டேன்.

கமிட்டியில் முதலில் செயலாளர் பேசினார். "ரெண்டு மாசமா ரெண்டு சுபாவத்துலயே நிக்கிறோம் ஐயா. மூணாவது எப்ப வரும்னு என் பையன் கேக்கிறான்." சிலர் சிரித்தார்கள். நான் எழுந்து, "ஹைப்போஸ்டாஸிஸ் என்றால் என்னவென்று செயலாளருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கும் தெரியவில்லை. இரண்டு சுபாவங்களையும் தாங்குகிற அந்த ஒரே ஆள்தன்மைக்குக் கிரேக்கத்தில் அப்படிப் பெயர் என்று எனக்கே மூன்று வாரம் முன்புதான் தெரிந்தது. ஆனால் கேட்கிற இடத்தில் நான் இருந்ததால் எல்லாரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். செயலாளர் தீர்மானத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார். அப்போது விசேஷ விருந்தினர் தொண்டையைச் செருமினார்.

"செக்ரட்டரி ஐயா சொல்லுததுல என்ன தப்பு? இயேசு சாமி மலைமேல பேசினதை முழுசா வாசிச்சுப் பாருங்க. அரை மணிகூட ஆவாது. கால்மணிதான் ஆவும். ஆண்டவருக்கே கால்மணி போதுமா இருந்திருக்கு."

தீர்மானம் நிறைவேறியது. அரை மணி என்று இருந்ததை அடித்துக் கால்மணி என்று திருத்தி, ஏகமனதாக. கமிட்டியில் என் மனைவியும் ஒரு உறுப்பினர் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது சண்டை பிடித்தேன்.

"உம்மைக் கூப்பிட்டது நானா அவராவே?"

"நீருதான். ஆனா அவரு மொகத்தைப் பாத்தீரா? அத்தனை பேரு முன்னால வாயடைச்சுப்போய் நின்னாரு. பாவம்லா."

"அப்ப நான் பாவமில்லையா?"

"நீரு ஜெயிச்சுக்கிட்டுல்லாவே இருந்தீரு" என்று சொல்லிக் கடலையை நீட்டினார்.

எப்போதும் சிரிப்பாக முடிந்துவிடாது. அவருடைய கேம்ப்பில் ஒரு பெண் இருந்தாள். ஜங்புரா பங்களாக்களில் பாத்திரம் தேய்க்கிறவள். புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். இவர் கேம்ப் பெரியவர்களைக் கூட்டி அவளுக்காகப் பேசி, அவன் வீட்டுக்குள் வரக்கூடாது என்று முடிவு வாங்கிக் கொடுத்தார். சந்து முழுதும் அவனைக் காறித் துப்பியது. அடுத்த ஞாயிறு பார்த்தால், அவனைக் கூட்டிவந்து முன் பெஞ்சில் உட்காரவைத்து, "துரத்தப்பட்டவன்" என்பதைப் பற்றிப் பிரசங்கமும் செய்துவிட்டார். அந்தப் பெண் அன்றோடு கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். படித்துக்கொண்டிருந்தவன் அல்லவா. போதகரை எங்கள் ஜனங்கள் "ஐயர்" என்றுதான் சொல்வார்கள். அவள் தண்ணீர்ப் பானையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "ஐயரு எனக்காவ பேசுனப்ப நல்லாத்தான் பேசுனாரு. அவனுக்காவ அதவிட நல்லா பேசுனாரு. நான் எத நம்பறது?"

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். கால்வாய்ப் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தோம். கீழே கறுப்பாக ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ சொல்லுதது சரிதான்வே," என்றார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் நான் வந்திருந்தேன். ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்ததும், "உம்ம மேல முழுசாவும் தப்புன்னு சொல்ல முடியாதுவே" என்று என் வாய் சொல்லியது. வியாதி தொற்றக்கூடியது என்று அன்றுதான் கண்டுகொண்டேன். அந்தப் பெண் பிறகு இரண்டு பஸ் மாறி என் சபைக்கு வர ஆரம்பித்தாள். என் பிரசங்கம் அவளுக்கும் புரியவில்லை. ஆனால் அது யாருக்காகவும் பேசுவதாக இல்லாததால் அவளுக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

அவருடைய ஆய்வேடு விஷயத்துக்கு வருகிறேன். சங்கம் விலக்கிய அந்த மூப்பரைப் பற்றியே அவர் எழுதினார். வேறு யாரைப் பற்றி எழுதுவார்? அதில் ஒரு அத்தியாயத்தைப் படித்த யாரோ ஒருவர், "குமாரன் பிதாவுக்குத் தாழ்ந்தவர் என்று போதிக்கிறார்" என்று எங்கள் சபைத் தலைமைக்கு எழுதிப் போட்டுவிட்டார். தெற்கேயிருந்து மூன்று போதகர்கள் விசாரிக்க வந்தார்கள். வேலை போகலாம் என்று பேச்சு. வேலை போனால் வீடும் போகும். அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் இருவர்.

அவருக்கு வக்கீலாக நானே என்னை நியமித்துக்கொண்டேன். விசாரணைக்குக் கூட்டிப்போக அவர் வீட்டுக்குப் போனபோது, "கேட்ட கேள்விக்கு 'ஆமா'ன்னு மட்டும் சொல்லும். பேராசிரியரு நம்ம பக்கம். ஜெயிக்கப்போறது நாமதான்" என்றேன்.

அவர் மனைவி காப்பி டம்ளரை என் கையில் கொடுத்தார்கள். "ஐயரே, ஜெயிப்போம்னு சொல்லாதீங்க. தோக்கப்போறோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. அப்பமாவது அவருக்காவ அவரு பேசுவாரு."

சிரித்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

வகுப்பறையிலேயே விசாரணை. மேஜைக்குப் பின்னால் மூவர். தலைவர் ஓய்வுபெற்ற முதிய போதகர், கண்டிப்பானவர் என்று பெயர். ஓரத்தில் பேராசிரியர். தலைவர் ஜெபித்துத் தொடங்கினார். "பரலோக பிதாவே" என்று ஆரம்பித்த ஜெபம், "எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று முடிந்தது. தமிழ்ச் சபைகளில் வாரந்தோறும் நடக்கிற வாய் தவறல்தான். மரித்தது குமாரன், பிதா அல்ல. பிதாவே மரித்தார் என்று சொன்னவர்களையும் பழைய சபை விலக்கித்தான் வைத்தது. அந்தப் பாடம் எனக்கு முந்தின மாதம்தான் நடந்திருந்தது. கேட்டதும் புல்லரித்தது.

கேள்வி வந்தது. "குமாரன் பிதாவுக்குச் சமமானவர் என்று விசுவாசிக்கிறீரா?"

"விசுவாசிக்கேன் ஐயா."

"பிறகு ஏன் இதை எழுதினீர்?"

"அந்த மூப்பரு எழுதினதை எரிச்சுட்டாங்க ஐயா. அவருக்கு எதிரா எழுதினவங்க சொன்னதுதான் மிச்சம். அவரு பக்கத்தை ஒரு தடவையாவது முழுசாக் கேப்போம்னுதான்."

தலைவர் தலையசைத்தார். மற்ற இருவரும் பேனாவை மூடினார்கள். அதோடு எல்லாம் முடிந்திருக்கும். நான் எழுந்தேன்.

"ஐயா அவர்களின் ஆரம்ப ஜெபத்தின்படி பிதாவே சிலுவையில் மரித்திருக்கிறார். இதுவும் சபை விலக்கிய துர்உபதேசம்தான். அப்படியானால் இங்கே விசாரிக்கப்பட வேண்டியவர் யார்?"

பேராசிரியர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். மெச்சுகிறார் என்று நினைத்தேன். உறுப்பினர்கள் இருவரும் குனிந்துகொண்டார்கள். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, முடியாமல், வேதப் புத்தகத்தின் மேல் கையை வைத்தார். இப்படியொரு வெற்றியை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நண்பர் எழுந்து நின்றார். அவர் பார்வை என்மேல் இல்லை.

"ஐயா ஜெபிச்சதுல தப்பில்ல," என்றார். "ஐயா போன வருஷம் தன் மகனை அடக்கம் பண்ணினவரு. குழிப்பக்கம் நின்ன அப்பனுக்குச் செத்தது மகன்தான், நானில்லைன்னு பிரிச்சுச் சொல்ல வருமா? குமாரன் சிலுவைல தொங்கும்போது பிதா மேல நோவாம உக்காந்திருந்தாருன்னு என்னால சொல்ல முடியல."

நானும் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

குறிப்பெழுதிய உறுப்பினர் தயக்கத்தோடு கேட்டார். நண்பருக்கு ஒரு வழிவிட வேண்டும் என்றுதான் கேட்டார். "சும்மா ஆறுதலுக்குத்தானே சொல்லுதீரு? பிதாவும் பாடுபட்டாருன்னு உபதேசமாச் சொல்லலையே?"

பேராசிரியர் வேண்டாம் என்று தலையாட்டினார். நண்பர் கிழவரைப் பார்த்தார். கிழவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"உபதேசமாத்தான் சொல்லுதேன்," என்றார்.

குமாரனைத் தாழ்த்தினார் என்று வந்த குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டு, அதற்கு நேர் எதிரான இன்னொரு துர்உபதேசத்தில், அதே மத்தியானத்தில், அதே நாற்காலியில் மாட்டிக்கொண்டார். இதற்கு வழி அமைத்துக் கொடுத்த வக்கீல் நான்.

வெளியே வந்ததும், "அவரு மகன் சங்கதி உமக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"காலைல நீரு பாயிண்ட் எழுதிக்கிட்டு இருந்தீரு. நான் அவருக்கு டீ வாங்கிக் குடுத்தேன். பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டேன்."

தீர்ப்பு இரண்டுக்கு ஒன்று. வேலை போகவில்லை, ஆனால் டெல்லியும் படிப்பும் போயின. அந்தமானில் ஒரு சபைக்கு மாற்றம். அவருக்காக எழுதிய ஒரே ஆள் தலைவர்தான். தீர்ப்பைக் கேட்டதும் நண்பர் நேரே அவரிடம்தான் போனார். ஓட்டில் தோற்று வராண்டாவில் தனியாக உட்கார்ந்திருந்த கிழவர் பக்கத்தில் அமர்ந்து, "நீங்க எழுதினதுதான் ஐயா சரி. அவங்க ரெண்டு பேரும் யோசிக்கலை" என்று வெகுநேரம் தேற்றினார். அவர் தன் பக்கம் வாதாடி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அதுவும் இன்னொருவருக்கு ஆறுதலாக.

நான் படிப்பை முடித்தேன். பலகையில் எழுத்தும் ஏறியது. இடம் கணக்குத் தப்பி, கடைசி எழுத்து ஆணிக்கு அடியில் போய்விட்டது.

அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பிய சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். சென்னைவரை ரயில், அங்கிருந்து கப்பல். கேம்ப்பிலிருந்து பாதிச் சபை வந்திருந்தது. பெட்டிகளை ஏற்றிவிட்டு எல்லாரும் அழுதுவிட்டு ஒதுங்கினார்கள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மஃப்ளர் இல்லாமல் முகம் சின்னதாகத் தெரிந்தது.

"வருத்தமா இருக்காவே?" என்றேன்.

எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரு மறுபக்கம் இருக்கும். அதற்காகக் காத்திருந்தேன்.

"இருக்குவே," என்றார். "ரொம்ப இருக்கு."

அவ்வளவுதான். மறுபக்கம் வரவில்லை. மூத்த பெண் அப்பாவின் ஸ்வெட்டர்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மனைவி என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லுங்களேன் என்பதுபோல.

நான் அந்தமானைப் பார்த்ததில்லை. இருந்தும் பேச ஆரம்பித்தேன். அங்கே இந்தக் குளிர் கிடையாது என்றேன். மீன் ஏராளம், நம் ஊர்ச் சாளைமாதிரியே இருக்கும் என்றேன். தமிழ் பேசும் ஜனங்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் வந்துவிடும், கடற்கரையிலேயே ஆராதனை நடத்தலாம், அந்தச் சபைக்கும் இத்தனை நாளாக யாரும் போக மாட்டேன் என்றுதானே சொல்லியிருப்பார்கள் என்றேன். அதைக் கேட்டபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வண்டி நகர்ந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் காணாத அந்தத் தீவுக்காக வாதாடியபடியே பிளாட்பாரம் முடிகிற இடம்வரை கூடவே நடந்தேன்.